மலையகத்தை மறந்த போர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையை இடைநடுவே கொண்டு கிடந்த பழைய சேலம், திருச்சி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஓட்டிச் சென்ற நிலமற்ற ஏழையரின் வழியினர் இலங்கை மலையகத் தமிழருள் மிகப் பலர். அவர்தம் குடியுரிமையை 1948இல் கொழும்பு பறித்தது. 1964இல் தில்லியும் கொழும்பும் ஆட்டு மந்தையைப்போல் அவர்களைப் பங்கிட்டன: 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே! அம்மக்களைக் கேட்டவர் எவர்? (1982இல் பருமா உரோகிங்கியரை நாடற்றவராக்கியதும் இவ்வகைச் சட்டத்தாற்றான். அவ்வாண்டே அவர்களிடை ஒருமைப்பாட்டு அமைப்பு என்னும் போராளி இயக்கம் எழுந்தது.)

மலையகமும் ஈழத்தின் உறுப்பே என்று துணிந்துரைத்த இயக்கம், 1975இல் இரத்தினசபாபதி முதலானோர் இலண்டனில் தொடங்கிய ஈரோசு. மறு ஆண்டில் வட்டுக்கோட்டைத் தீர்மானமோ வடக்கையும் கிழக்கையுமே தமிழீழமென வரைந்தது. தொண்டைமானும் ஒதுங்கி நின்றார். ஈரோசின் கொள்கையே நேரியது என்போம். ஆயின், செயலில் அதுவும் வழுக்கிற்று. 1989 தேர்தலில் அது பெற்ற 13 இருக்கைகளுள் மலையகத்தில் வென்றது ஒன்றுமில்லை. 1990இல் பாலகுமார் இயக்கத்தைக் கலைத்துப் புலிகளோடு இணைந்தார்.

இலயன் அறைகளில் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்துக் கிடந்தனர்.