கருவிக்குப் பணம் உண்டு, பேச்சுக்கு?

காலை ஏழு மணி. அம்மா தன் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு “ம்” என்கிறார். நான்கு வயதுச் சிறுமி டப்பாவுக்குள் ஒரு மணியைப் போடுகிறாள். “ஆ”. இன்னொரு மணி. “ஊ”, “ஈ”, “ஷ்”. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி விழுகிறது. கடைசியாக “ஸ்”. மணி விழவில்லை. அம்மா பதறவில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியைக் கழற்றி, மைக்கில் படிந்திருந்த வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் “ஸ்” என்கிறார். மணி விழுகிறது. அன்றைய நாள் தொடங்கலாம்.

பேச்சின் தாழ்ந்த அதிர்வு முதல் உச்ச அதிர்வு வரை இந்த ஆறு ஒலிகளுக்குள் அடங்கிவிடும். கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த இந்த எளிய சோதனையை, காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் செவிக் கருவி பொருத்திய குழந்தைகளின் தாய்மார்கள் தினமும் செய்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனால், தமிழ்நாட்டில் பேச்சுப் பயிற்சி என்ற துறை இன்று இவர்கள் தோளில்தான் நிற்கிறது.

பல லட்சம் ரூபாய் விலையுள்ள அந்தக் கருவியை ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கிடைக்கச் செய்தது நம் மாநிலத்தின் பெருமைக்குரிய செயல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையை ஏற்கிறது. மத்திய அரசின் உதவித் திட்டமும் உண்டு. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒலியைச் சொல்லாகவும் சொல்லைப் பேச்சாகவும் மாற்ற ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். நம் திட்டங்கள் கருவியை எண்ணுகின்றன. எத்தனை குழந்தைகள் வகுப்பறையில் வாய் திறந்து பதில் சொல்கிறார்கள் என்பதை எண்ணுவதில்லை. இந்தத் துறையின் முதன்மையான சிக்கல் இதுதான் என்பது என் கருத்து. புதிய தொழில்நுட்பங்களையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோட வேண்டும்.

ஆள் பற்றாக்குறை எல்லோரும் அறிந்தது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் தொடங்கப்பட்டது 1965இல். அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் பயிற்சி பெற்றவர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். பலர் வெளிநாடு போய்விடுகிறார்கள். 2013இல் வந்த மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையத்தையும், அதில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடத்தையும் வகுத்தது. ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர்! வாரம் இரண்டு நாள் பயிற்சி என்றால் வாரம் இரண்டு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேறு. மூன்றாவது மாதத்தில் வருகை நின்றுவிடுகிறது. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அதைப் பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது.

கரோனா காலத்தில் பரவிய காணொளிப் பயிற்சி இந்தத் தூரத்தை ஓரளவு குறைத்தது. அதன் பெரிய பலன் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பயிற்சியாளர் திரையில் இருக்கும்போது குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சியைச் செய்பவர் அம்மாதான். வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைத்த பயிற்சி, சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தொடர்கிறது. ஆனால், கைபேசியின் இரைச்சல் நீக்கும் வசதி “ஸ்” போன்ற மெல்லிய உரசொலிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். குழந்தை சரியாகச் சொன்னதா என்பதைப் பயிற்சியாளரால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே முதல் மதிப்பீடு நேரில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, செயற்கை நுண்ணறிவு. குழந்தை சொல்வதைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலிகள் வரத் தொடங்கியுள்ளன. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தென்மாவட்டத்து வீடு ஒன்றில் பாட்டியும் அம்மாவும் “வாளப்பளம்” என்கிறார்கள். குழந்தையும் அப்படியே சொல்கிறது. பயிற்சியாளர் இதைப் பிழையாகக் குறிக்க மாட்டார். அது அந்த வீட்டின் தமிழ். அதே குழந்தை “வாயப்பயம்” என்றாலும் உடனே குறையென்று முடிவுகட்ட முடியாது. சென்னைப் பக்கம் அப்படிப் பேசுகிற வீடுகள் உண்டு. “தாத்தா” என்பதற்கு “காக்கா” என்று நான்கு வயதிலும் சொன்னால்தான் பயிற்சியாளரின் புருவம் உயரும். எது வட்டார வழக்கு, எது வயதுக்குரிய மழலை, எது கோளாறு என்ற இந்தப் பிரிப்புதான் பேச்சுப் பயிற்சியின் உயிர். செய்தி வாசிப்பையும் மேடைப் பேச்சையும் கேட்டு வளர்ந்த இயந்திரத்துக்கு இது எப்படித் தெரியும்?

தெரியவைக்க முடியும் என்பதற்கும் நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியினர் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துடன் சேர்ந்து, பேச்சுத் தசைகள் பாதிக்கப்பட்ட 20 பேரின் தமிழைப் பதிவுசெய்து ஆய்வுலகுக்குத் தந்தார்கள். முயற்சி அருமையானது, ஆனால், இருபது பேர் என்பது தொடக்கம் மட்டுமே. நெல்லை, கொங்கு, வட ஆர்க்காடு என்று குழந்தைகளின் பேச்சும், பக்கவாதம் வந்த பெரியவர்களின் பேச்சும் பதிவாக வேண்டும். அரசு மருத்துவமனைகளின் துணையில்லாமல் இது நடக்காது. குழந்தையின் தரவைக் கையாள 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதல் படிவம் பெற்றோருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

பேசவே இயலாதவர்களுக்குப் படங்களைத் தொட்டுப் பேசும் ‘அவாஸ்’ செயலி சென்னையில் பிறந்தது; வித்யாசாகர் அமைப்பின் ஆசிரியர்களும் குழந்தைகளும் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார்கள். இத்தகைய கருவிகளில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய. படத்துக்கு ஒரு சொல் என்ற கட்டமைப்பு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் உயிர்நாடி விகுதியில் இருக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு மாமியாரை நினைத்துப் பாருங்கள். வாசலில் மாப்பிள்ளை வந்து நிற்கிறார். பலகையில் இருப்பது “வா” என்ற ஒரே படம். அதைத் தொட அந்த அம்மாவின் விரல் கூசுகிறது. அவருக்கு வேண்டியது “வாங்க”. இது அலங்காரம் இல்லை. அவருடைய மரியாதையும் உறவும் அந்த ஒற்றை விகுதிக்குள் இருக்கின்றன.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. பக்கவாத நோயாளிக்குக் கையையும் காலையும் அசைக்கக் கற்றுத்தருகிறார்கள். பேச்சுக்கும் விழுங்குவதற்குமான பயிற்சியும் அதே முனைப்போடு வீட்டுக்கு வர வேண்டும். உலக வங்கி உதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்காக அமையும் ‘விழுதுகள்’ மையங்கள் பேச்சுப் பயிற்சியை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுபோக நல்ல வாய்ப்பு. அவற்றின் வெற்றி கட்டடத்திலோ கணினியிலோ இல்லை. பயிற்சியாளர் பணியிடம் நிரந்தரமாக நிரப்பப்படுவதில் இருக்கிறது. காக்ளியர் இம்ப்ளாண்ட் பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியில் சேர்ந்து நிலைக்கும் வரை பயிற்சிச் செலவையும், உடன் வருபவரின் பயணப்படியையும், இழந்த நாளின் கூலியையும் காப்பீட்டுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டும். கருவியின் கேபிள் அறுந்தால் மாற்றுக் கேபிள் ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும். கருவி ஊமையாகிக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும், அந்தச் சிறுமிக்கு அம்மாவின் குரல் கேட்காத வாரம்.