பெரிய விமானம் விட்டுச்செல்லும் காற்று

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நாலாட்டின்புத்தூர் அருகே ஒரு சிறு விமான ஓடுபாதை இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி நடத்த முன்வருவோரை, தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் 2025-ல் டெண்டர் மூலம் அழைத்தது. அதே ஆண்டு ஜூலை 26-ந் தேதி வாகைக்குளத்தில், தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய கட்டிடத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். முன்பு 1,350 மீட்டராக இருந்த அந்த நிலையத்தின் ஓடுபாதை, இப்போது 3 ஆயிரம் மீட்டருக்கு மேல் நீண்டு விட்டது.

இரண்டும் நல்ல செய்திகள். நெல்லைச் சீமைப் பிள்ளைகள் சொந்த மண்ணிலேயே விமானம் ஓட்டப் பழகலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் பள்ளி வந்துவிட்டால் பயிற்சி விமானம் தன் சின்ன ஓடுபாதையோடு நிற்காது. பெரிய நிலையத்தில் இறங்கிப் பழகவும் அது வாகைக்குளம் போகத்தான் வேண்டும். அங்கே அதற்குமுன் ஒரு பெரிய விமானம் இறங்கியிருக்கும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. அந்த அபாயம் கண்ணுக்குத் தெரியாது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் ஜில்லா மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன. ஹெலிகாப்டர் தலைக்குமேல் நின்றபோது கீழே அடித்த காற்றை நேரில் கண்டவர்களுக்கு, சுழலும் இறக்கைக்கு எத்தனை வலு உண்டென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்து விமானிகள், முன்னால் போன விமானத்தின் காற்றில் மாட்டித் தத்தளித்தால், "அதன் விசிறி தள்ளிய காற்று" என்று சொல்லிவிடுவார்கள். விசிறிக் காற்றும் உண்மைதான். தரையில் என்ஜினை முடுக்கும் பெரிய விமானத்தின் பின்னால் சிறு விமானம் போகக் கூடாது. ஹெலிகாப்டர் தரையோரம் மிதந்து நின்றால், அதன் சுழல் இறக்கை வட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரமாவது விலகி நிற்க வேண்டும். ஆனால் இறங்கும் நேரத்தில் பெரிய எதிரி விசிறி அல்ல, இறக்கை.

இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழேயுள்ள காற்று இறக்கை நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே பாயப் பார்க்கும். அதனால் இரு நுனியிலிருந்தும் இரண்டு சுழல்கள், படுத்த நிலையில், விமானத்தின் பின்னாலேயே நீளுகின்றன. நெல்லை சுலோசன முதலியார் பாலத்துத் தூண்களுக்குப் பின்னால் தாமிரபரணி சுழித்து ஓடுவதைப் பார்த்திருக்கிறோமல்லவா? தூண் நின்ற இடத்தில் நிற்கும், சுழி ஆற்றோடு போகும். இங்கே விமானம் போய்விடும், சுழி நிற்கும். விமானம் கனமாகவும் மெதுவாகவும் போகும்போது சுழலின் பலம் கூடும். இறங்கும்போது வேகம் குறைவு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வாகைக்குளத்துக்குப் பல ஆண்டுகளாக வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 விமானம் ஏறத்தாழ 23 டன் வரை எடையுள்ளது. பயிற்சிக்குப் பெயர்போன செஸ்னா 172 சுமார் 1.1 டன். ஏர்பஸ் ஏ-320 வந்தால் அது 70 டன்னைத் தாண்டும். இவற்றின் சுழலில் செஸ்னா சிக்கினால் ஒரு பக்கமாக உருளும். உயரத்தில் இருந்தால் சமாளிக்கலாம். தரைக்கு 100 அடி உயரத்தில் சமாளிக்க இடமேது?

சின்ன விமானத்துக்கு மட்டுமே வந்த வினையும் அல்ல இது. 1972 மே 30-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து போர்ட் வொர்த் நகரில், டி.சி.-10 என்ற பெரிய விமானத்தின் பின்னால் இறங்கிய டி.சி.-9 ஜெட் உருண்டு விழுந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். அதுவும் பயிற்சிப் பறத்தலே. 1993 டிசம்பர் 15-ல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில், போயிங் 757 இறங்கிய பாதைக்குக் கீழே, அதை நெருங்கி வந்த சிறு ஜெட் விழுந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

அதனால்தான் சர்வதேச விதி ஒன்று உண்டு. 7 டன்னுக்கு உட்பட்ட விமானம், அதைவிடப் பெரியது இறங்கிய பின் 3 நிமிடம் கழித்தே இறங்க வேண்டும். ஆனால் "முன்னால் போகும் விமானம் எனக்குத் தெரிகிறது" என்று விமானி சொல்லி, கட்டுப்பாட்டுக் கோபுரம் "அதைப் பின்தொடர்ந்து வா" என்றுவிட்டால், இடைவெளியின் பொறுப்பு விமானியின் தலையில் வந்துவிடுகிறது. அந்தத் தலை 20 வயதுப் பிள்ளையின் தலையாகவும் இருக்கலாம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாயும் காற்று ஊரறிந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். சிறு விமானத்துக்கு அந்தக் காற்று தொல்லை. ஆனால் சுழல்களைக் கிழித்துப் போடுவதும் அதே காற்றுதான். இலை அசையாத காலை வேளையைத்தான் பயிற்சிக்கு உகந்தது என்பார்கள். சுழல் அதிக நேரம் உயிரோடிருப்பதும் அந்த வேளையில்தான்! இன்னொரு விஷமம் உண்டு. தரையருகே சுழல் மெல்லப் பக்கவாட்டில், மனிதன் நடக்கும் வேகத்தில், ஒதுங்கும். அதே வேகத்தில் எதிர்ப்பக்கமிருந்து இளங்காற்று வீசினால், ஒரு சுழல் ஓடுபாதையைவிட்டு நகராமல் அங்கேயே கிடக்கும்.

தப்பும் வழி கஷ்டமானதல்ல. பெரிய விமானம் வந்த பாதைக்கு மேலாகவே வர வேண்டும். அதன் சக்கரம் தரையைத் தொட்ட இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும். நீண்ட ஓடுபாதையில் இதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் இன்னொரு வட்டம் போட்டு வரலாம்.

"வட்டம் போட்டால் பெட்ரோல் செலவாகுமே" என்பார்கள். ஆகட்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வட்டமிட்ட நிமிடங்களும் அந்தக் கணக்கில் சேருகின்றன. பையனுக்கு நஷ்டமில்லை.

என் யோசனை இதுதான். பயிற்சி விமானம் எதுவாயினும், மாணவன் "தெரிகிறது" என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், கோபுரமே கடிகாரம் பார்த்து 3 நிமிடத்தைக் கணக்கிட வேண்டும். பயிற்சிப் பள்ளியும் வாகைக்குளம் நிலைய அதிகாரிகளும் இதை எழுத்தில் ஒப்பந்தமாகச் செய்துகொள்ள வேண்டும். முதல் மாணவன் வாகைக்குளம் பக்கம் விமானத்தைத் திருப்புவதற்கு முன்பே அது கையெழுத்தாகிவிட வேண்டும்.