தொழிலும் வாணிபமும்: நேபாளத்துக்கு யந்திரம் அனுப்ப விரும்புவோருக்கு

காட்மாண்டு நகருக்கு மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன்பே அந்நகர வீதிகளில் மோட்டார் வண்டிகள் ஓடின என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். ராணா வமிசத்துப் பிரபுக்கள் வாங்கிய வண்டிகளை மூங்கிற் கழிகளில் பிணைத்து, பத்துப் பத்தாகக் கூலியாட்கள் தோளில் ஏந்தி, பீம்பேடியிலிருந்து மலைமேல் மலையாகக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1950களில் இந்திய ராணுவப் பொறியாளர்கள் திரிபுவன் ராஜபாதையை வெட்டித் தந்த பிறகுதான் அந்தத் தோள்கள் இளைப்பாறின. இன்றோ அதே மலைகளில் வளைவுக்கு வளைவு ஒரு மண்வாரி யந்திரம் மஞ்சள் நிறத்தோடு நிற்கிறது. நம் ஊர்ப்பக்கம் அதைப் பொக்லைன் என்பார்கள். ஹிட்டாச்சி என்பாரும் உண்டு. ஜேசிபி என்பார் பலர். எல்லாம் கம்பெனிப் பெயர்களே. நேபாளத்தில் எதுவாயினும் ‘டோசர்’தான்.

இம்மாதம் நேபாளத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு கடிதம் காரணம். புனேக்கு அருகில் சிறு பட்டறை வைத்து மண்வாரிகளுக்கான பக்கெட் பற்கள், பின், புஷ் ஆகியவற்றைச் செய்து விற்கும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். காட்மாண்டு வியாபாரி ஒருவர் அவரது சரக்கைக் கண்டு மகிழ்ந்து, பெருந்தொகைக்கு ஆர்டர் தருவதாகவும், பணத்தை 90 நாள் தவணையில் அனுப்புவதாகவும் சொல்கிறாராம். அதற்கு வேண்டிய முதலுக்காகக் குடியிருக்கும் வீட்டை வங்கியில் ஈடு வைக்கலாமா என்பது அன்பரின் கேள்வி. இருபது ஆண்டு வாடகை வீட்டிலிருந்து, பிறகு சொந்தமாக வாங்கிய வீடு அது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. ஆதலின் விடையை எல்லோருக்குமாகவே எழுதுகிறோம்.

முதலில் சந்தை உண்மையா என்று பார்ப்போம். உண்மைதான். 2017 இல் நடந்த தேர்தலுக்குப் பின் நேபாளத்தில் 753 உள்ளாட்சி அமைப்புகள் சொந்த வரவு செலவோடு இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் முதலில் விரும்பியது சாலை. இதனோடு நீர்மின் திட்டங்கள். கிழக்கே சங்குவாசபா மாவட்டத்தில் நம் நாட்டு அரசு நிறுவனமான எஸ்.ஜே.வி.என். 900 மெகாவாட் அருண்-3 திட்டத்தை மேற்கொண்டுள்ளது. அதன் நீர்ச் சுரங்கம் மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 2024 ஜனவரியில் இரு நாடுகளும் பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்பது பற்றி உடன்படிக்கை செய்துகொண்டதால், இத்தகைய வேலைகள் இன்னும் பெருகுமேயன்றிக் குறையா. சாலைச் சுரங்கங்களும் வந்துவிட்டன. காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் மேற்கு வாயிலான நாக்டுங்காவில் ஜப்பான் உதவியுடன் குடையப்பட்ட 2.7 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் இரு முனைகளும் 2024 ஏப்ரலில் சந்தித்தன.

வாய்ப்பு எல்லா நாட்டாருக்கும் திறந்திருக்க, நமக்கென்று என்ன சிறப்பு என்று கேட்கலாம். மூன்று சிறப்புகள் நமக்குத் தெரிகின்றன. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருந்து வருகிறது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவோர் நாணய மதிப்பு சரிந்து தூக்கம் கெடுவதுபோல் இங்கே கெட வேண்டியதில்லை. அடுத்தது, சரக்குக் கப்பலேற வேண்டாம். ரக்சோலில் எல்லை கடந்தால் பீர்கஞ்சு. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நேபாளத்துக்கு டீசல் அனுப்புவது நமது இந்தியன் ஆயில் நிறுவனமே; 2019 செப்டம்பர் முதல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்குக் குழாய் வழியாகவும் போகிறது. நம் நாட்டில் சக்கர யந்திரங்களுக்கு 2021 ஏப்ரலிலும் பின்பு 2025 ஜனவரியிலும் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியபின், புதிய எஞ்சின்கள் கந்தகம் மிகுந்த டீசலைத் தாங்குவதில்லை. பல வளரும் நாடுகளுக்கு இது பெரிய தடை. நேபாளத்தில் ஓடுவது நாம் ஓட்டும் டீசலே ஆனதால் அத்தடை அங்கில்லை.

சீனர் போட்டி பலமானது. ஆயினும் அவர்களுக்கு இமயமலை குறுக்கே நிற்கிறது. 2015 பூகம்பத்தில் மூடிய கோதாரி வழி 2019 இல்தான் மீண்டும் திறந்தது. ரசுவாகடியில் இருந்த எல்லைப் பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துச் சென்றது. சீனக் கம்பெனிகள் சில நம் நாட்டிலேயே தொழிற்சாலை வைத்திருப்பதையும் மறக்கலாகாது. சானி நிறுவனத்துக்குச் சாகனிலும், லியூகாங் நிறுவனத்துக்குப் பீதம்பூரிலும் ஆலைகள் உள்ளன. அவற்றில் வேலை பார்க்கும் நம்மவர் இந்த இதழைப் படிப்பவராகவும் இருக்கலாம்!

இனி ஒரு கசப்பான செய்தி. இதைச் சொல்லாமல் சந்தையைப் புகழ்ந்துகொண்டு போவது நேர்மையன்று. ‘டோசரே விகாஸ்’ என்று நேபாளத்தில் ஒரு சொல் வழங்குகிறது. டோசர் கொண்டுவரும் அபிவிருத்தி என்று அதற்குப் பொருள். ஏளனமாகச் சொல்லும் சொல் அது. அளவைப் பணியின்றி, பொறியாளர் வரைபடமின்றி, மண்வாரியைக் கொண்டு மலைச்சரிவை ஒரு வாரத்தில் கீறிச் சாலை என்று பெயர் சூட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடுகிறார்கள். வடிகால் கிடையாது, தாங்கு சுவர் கிடையாது. ஆனி ஆடியில் மழை இறங்கியதும் மேற்சரிவு சாலையின் மீது விழுகிறது, சாலை கீழேயுள்ள வயலின் மீது விழுகிறது. ஊராட்சிப் பிரதிநிதிகள் சிலரே யந்திரச் சொந்தக்காரர்களாகவும் இருப்பதை அந்நாட்டுப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. இது போதாதென்று அவர்களது நிதியாண்டு ‘அசார்’ மாதத்தில், அதாவது ஜூலை நடுவில் முடிகிறது. செலவாகாத பணம் திரும்பிப் போய்விடுமே என்று மழை தொடங்கும் அதே வாரங்களில் அவசர அவசரமாக வேலை நடக்கும். மழைநீரில் தாரை ஊற்றுகிறார்கள் என்று அந்நாட்டாரே சிரிக்கிறார்கள்.

யந்திரம் விற்பவனுக்கு இதில் என்ன பொறுப்பு என்று சிலர் கேட்கலாம். கத்தி விற்றவன் மேல் குற்றமில்லை என்ற வாதம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் வியாபாரக் கண் கொண்டு பார்த்தாலும், மலையைக் கீறும் யந்திரங்கள் அங்கே போதிய அளவுக்கு மேல் போய்விட்டன என்றே நமக்குத் தோன்றுகிறது. கீறிய சாலையை நிலைக்கச் செய்யும் சாதனங்களுக்குத்தான் இனித் தேவை: மண்ணை இறுக்கும் உருளைகள், சரிவில் கல் அடுக்குவதற்கான கம்பி வலைப் பெட்டிகள், அவற்றைப் பின்னும் யந்திரங்கள், சிறிய காங்க்ரீட் கலவை யந்திரங்கள், கல்லுடைக்கும் ஆலைகளின் தாடைத் தகடுகள், சுரங்கச் சுவரில் காங்க்ரீட்டைப் பீச்சும் யந்திரங்கள், பாறை துளைக்கும் கருவிகள். பாறை துளைப்பதில் நம்மவர் திறமை சாதாரணமானதன்று. திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் இந்தியா முழுவதும் சுற்றியதோடு ஆப்பிரிக்கா வரை போயிருக்கின்றன. பெரிய யந்திரங்களை விற்பது பெரிய கம்பெனிகளின் வேலை. பல்லப்கட்டில் 1979 இல் தொடங்கிய ஜேசிபியும், கோலார் தங்கவயலில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல உழைத்து வளர்த்த பி.இ.எம்.எல். ஆலையும் அதைப் பார்த்துக்கொள்ளும். சிறு பட்டறைக்காரருக்கு உரியது உதிரிப் பாகமே. மலைப் பாறையில் பக்கெட் பற்கள் சமவெளியைவிட விரைவில் தேய்கின்றன. யந்திரம் ஒருமுறை விற்கும். பல் ஆண்டுதோறும் விற்கும்.

ஆகவே புனே அன்பர் தேர்ந்த சரக்கு சரியான சரக்கு. வீட்டை ஈடு வைப்பதுதான் சரியன்று.

ஏன் என்று கூறுகிறோம். அவரிடம் சரக்கு வாங்கும் வியாபாரி ஒப்பந்தக்காரருக்கு விற்பார். ஒப்பந்தக்காரருக்குச் சர்க்கார் பணம் தரவேண்டும். நேபாளத்தில் ஒப்பந்தக்காரர்களுக்குச் சேரவேண்டிய தொகை நெடுநாள் நிலுவையில் நிற்பதும், அதற்காக அவர்கள் கிளர்ச்சி செய்வதும் புதிதல்ல. மேலே ஒரு கண்ணி தளர்ந்தால் கடைசிக் கண்ணியாகிய பட்டறைக்காரரின் வீடு ஆடும். 2022 இல் அந்நியச் செலாவணி குறைந்தபோது நேபாளம் கார் முதலிய சில பொருள்களின் இறக்குமதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியால் மந்திரிசபையே வீழ்ந்தது. வியாபாரி நாணயமானவராகவே இருக்கலாம். அவர் நாணயத்தால் மட்டும் 90 நாளில் பணம் வந்துவிடாது.

செய்யத்தக்கது வேறு. முதல் சரக்கை, கையிலுள்ள முதலுக்குள் அடங்கும் சிறு அளவில், எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதத்தின் பேரில் அனுப்பலாம். அதற்கு வியாபாரி இணங்காவிடில் பாதிப் பணமாவது முன்கூட்டிக் கேட்கலாம். இரண்டுக்கும் இணங்காத வியாபாரியின் ஆர்டர் எவ்வளவு பெரியதானாலும் அதைக் கைவிடுவதே நலம். தவணைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால், இ.சி.ஜி.சி. என்னும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தை நாட வேண்டும். சர்க்கார் 1957 இல் இதற்கென்றே ஏற்படுத்திய நிறுவனம் அது. வாங்குபவர் திவாலானாலும், அந்நாட்டு அரசியல் குழப்பத்தால் பணம் தடைபட்டாலும், நஷ்டத்தின் பெரும்பகுதியை அது ஈடு செய்யும். ஆனால் சரக்கு அனுப்புமுன்பே பாலிசி எடுத்திருக்க வேண்டும். வாங்குபவர் பேரில் எவ்வளவுக்கு என்ற வரம்பையும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். சரக்குத் தரமில்லை என்று வாங்குபவர் சண்டையிட்டால் அந்தத் தகராறு தீரும்வரை கழகம் பணம் தராது. ஆதலால் எஃகின் கடினத்தைச் சோதித்த சான்றிதழை ஒவ்வொரு மூட்டையோடும் வைத்து, அதன் படியில் வியாபாரியின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்திய எக்சிம் வங்கியின் வழியாக நம் சர்க்கார் நேபாளத்துக்கு நான்கு கடனுதவிகளை அளித்திருக்கிறது. அவற்றின் மொத்தம் 165 கோடி டாலர். இத்தகைய கடன்களில் பொதுவாக நூற்றுக்கு 75 பங்குச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்தே வரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேலைகளை எடுத்துள்ள இந்திய ஒப்பந்தக்காரர்களுக்கு உள்நாட்டிலேயே விற்றால், பணமும் உள்நாட்டிலேயே வரும். எல்லை தாண்டும் கவலை அவர்களுடையதாகும். பட்டறைக்காரருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது நம் கருத்து.

காகிதங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வாணிப இயக்குநரகத்தில் இணைய வழியே பெறலாம். பொருள் இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழ் கையில் இருக்கட்டும். ரக்சோலில் சுங்கத் தரகர் அமர்த்தும்போது கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

காலம் முக்கியம். அக்டோபர் வாக்கில் தசைன், அதையடுத்துத் திஹார்ப் பண்டிகை முடிந்ததும் அங்கே வேலைக்காலம் தொடங்கி மே வரை நடக்கும். உதிரிப் பாகங்கள் தசைனுக்கு முன்பே காட்மாண்டுக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் புனேயில் உலை மூட்டும் மாதம் ஜூலை. பாலிசிக்கு விண்ணப்பம் போட வேண்டியது அதற்கும் முன்னே.