விடுகதையில் தொடங்கட்டும் உவமை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உவமையும் உருவகமும் அணி இலக்கணமாக, நடுநிலை வகுப்புகளில்தான் முறைப்படி அறிமுகமாகின்றன. அணியின் பெயர், அதன் இலக்கணம், ஒரு சான்றுச் செய்யுள், அணிப்பொருத்தம் என்ற வரிசையில் பாடம் நடக்கிறது. தேர்விலும் அதே வரிசையில் விடை எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் எழுத்தை அடையாளம் காண்பதிலும், எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும், பலகையைப் பார்த்து எழுதுவதிலும் கழிந்துவிடுகின்றன. இந்த வரிசை தலைகீழானது. உவமை ஒன்றாம் வகுப்பிலேயே, வாய்மொழியாக, பாடவேளைக்குள் வர வேண்டும். அணியின் பெயர் பிறகு வந்தால் போதும்.

பள்ளிக்கு வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு உருவகம் புதிதல்ல. வீட்டில் ஒருவருக்கு வாய் நீளம், இன்னொருவருக்கு மூக்குக்கு மேல் கோபம், பக்கத்து வீட்டாருக்கு வயிற்றெரிச்சல். மழையோ பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. இவற்றையெல்லாம் கேட்டும் சொல்லியும் வளர்ந்த பிள்ளையிடம், உவமை என்பது புலவர்களுடைய சொத்து என்று பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளி சொல்லிக்கொடுக்கிறது.

தமிழ் மரபு அப்படிக் கருதவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல், பிசி எனப்படும் விடுகதைக்கும் இடம் தந்திருக்கிறது. ஒப்புமையால் அமைவது, குறிப்பால் உணர்த்துவது என்று அதை இரு வகைப்படுத்தவும் செய்கிறது. முதல் வகை விடுகதை, உவமிக்கப்படும் பொருளை மறைத்துவிட்டு உவமையை மட்டும் வெளியே விட்ட வடிவம்தான். அதே நூலின் உவமவியல், வினை, பயன், மெய், உரு என்னும் நான்கை அடியாகக் கொண்டு உவமை தோன்றும் என்கிறது. ஒரு பொருள் என்ன செய்கிறது, எதற்குப் பயன்படுகிறது, என்ன வடிவம், என்ன நிறம்? ஆறு வயதுக் குழந்தையால் பதில் சொல்ல முடியாத கேள்வி இதில் ஒன்றுகூட இல்லை.

மூன்று கை இருந்தும் ஒன்றையும் பிடிக்காதது எது என்று கேட்டால் வகுப்பே மேலே சுழலும் மின்விசிறியைப் பார்க்கும். அடுத்த விடுகதையைப் பிள்ளைகளே கட்டட்டும் என்று விட்டால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சுண்ணக்கட்டியைப் பற்றி ஒன்று கட்ட வேண்டுமானால் அது தேய்கிறதா, கரைகிறதா, உடைகிறதா, உதிர்கிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். பம்பரம் சுழல்கிறது, சக்கரம் உருள்கிறது, ஊஞ்சல் ஆடுகிறது, இலை அசைகிறது. இந்த வேறுபாடுகளை, அருஞ்சொல்லுக்கு நேரே பொருள் எழுதிய பட்டியல் தராது. ஒரு சொல்லைத் தள்ளி இன்னொன்றை எடுக்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் அது குழந்தையின் சொல்லாகிறது.

இப்போது நடப்பது வேறு. பசுமரத்தாணி போல, உள்ளங்கை நெல்லிக்கனி போல, இலவு காத்த கிளி போல என்று உவமைத்தொடர்கள் வரிசையாக வருகின்றன. எதிரே அவை விளக்கும் பொருள். பொருத்துக என்றால் பொருத்திவிடலாம். இலவங்காய் பழுத்துக் கனியாகும் என்று கிளி காத்திருக்கிறது. காயோ முற்றி வெடித்துப் பஞ்சாகப் பறக்கிறது. மரத்தையும் காயையும், முடிந்தால் உள்ளிருக்கும் பஞ்சையும் காட்டாமல், ஏமாற்றம் என்ற ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்யவைத்தால் அந்த உவமையில் கிளியும் இல்லை, இலவும் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு மரம் எட்டாது என்றால், அதே ஏமாற்றத்துக்கு அதன் தெருவிலிருந்தே ஓர் உவமை கேட்கலாம். நிற்காமல் போன பேருந்தைப் பற்றி எந்தப் பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு உவமை எதற்கு என்ற மறுப்பு எழும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கொரோனாவுக்குப் பின் 2022-ல் வந்த ஏசர் (ASER) என்னும் கல்விநிலை ஆய்வறிக்கையின்படி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கே இருந்தனர். அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. 2024 அறிக்கையில் நிலைமை தேறியிருக்கிறது. எழுத்தறிவுக்கு முதலிடம் தந்த அந்த முடிவு சரியானதே.

ஆனால் எழுத்து தெரிந்தால் வாசிப்பு தானே வந்துவிடும் என்பது சரியல்ல. எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்குவதே வாசிப்பு என்று 1986-ல் ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் விளக்கினர். பெருக்கலில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். தமிழில் முதல் திறனுக்கே காலம் பிடிக்கிறது: 247 எழுத்துகள், இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும் வல்லினம். ‘வந்துட்டான்’ என்று பேசும் பிள்ளை ‘வந்துவிட்டான்’ என்று படிக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளும் காதுக்கும் வாய்க்கும் வேலை தராமல் போனால், நான்காம் வகுப்பில் தங்குதடையின்றிப் படித்துவிட்டு என்ன படித்தோம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் உருவாவார்கள். விடுகதையைப் பேச்சுவழக்கில் சொல்லி, ஆசிரியரோடு சேர்ந்து எழுத்துவழக்கில் பலகையில் எழுதினால் இரண்டு வழக்குக்கும் இடையே நடந்து பழகலாம்.

எழுதுதல் என்ற பெயரில் நடப்பதும் பெரும்பாலும் பார்த்து எழுதுதலே. கையெழுத்துக்கு அது தேவைதான். கட்டுரையையும் பலகையிலிருந்து இறக்கிக்கொள்வது எழுத்துப் பயிற்சி ஆகாது. சொந்தமாக எழுதிய இரண்டு வரி, பிழையோடு இருந்தாலும், பிழையற்ற படியெடுப்பைவிட மேலானது. வட்டார வழக்குச் சொல்லைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், பொதுவழக்குச் சொல்லை அதன் பக்கத்தில் எழுதிக்காட்டலாம்.

வாசிப்புக்கு ஓரளவு வழி திறந்திருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சிறு நூல்களை வெளியிட்டது. கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தால் போதும். கிழிவதற்கும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

ஆசிரியர் எங்கே என்பது நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரே ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சி அப்படிப்பட்ட கலப்பு வகுப்புக்கே நன்றாகப் பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கட்டும் விடுகதையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அவிழ்க்கலாம். கூடுதல் கருவியோ தனி நிதியோ தேவையில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மாற வேண்டியது மதிப்பீடு. கைப்பேசிச் செயலியில் சரியான விடையைத் தொட்டுக் காட்டும் முறை, எழுத்தையும் சொல்லையும் அளக்க உதவும். பிள்ளை தானே கட்டிய ஓர் உவமையை அளக்க அதில் இடமில்லை. உவமைத்தொடரைப் பொருத்தச் சொல்லும் வினாக்களைத் தொடக்க வகுப்புத் தாள்களிலிருந்து எடுத்துவிட்டு, கொடுத்த பொருளுக்குச் சொந்த உவமை கேட்கும் ஒரு வினாவை வைக்கலாம். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய அந்த வினாவைத் திருத்துவது எப்படி என்பதற்கு, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அடுத்த கோடைப் பயிற்சியிலேயே ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.