ஞாயிறு விடுமுறையைக் கொடுத்தது யார்?

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது இன்று மில் தொழிலாளிக்குச் சாதாரண விஷயமாகத் தெரிகிறது. முதலாளி மனமிரங்கிக் கொடுத்தது, சர்க்கார் தானாக முன்வந்து கொடுத்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தோழர்களே, தாமிரவருணி பாயும் நம் சீமையின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

பாபநாசத்தில் மலையிறங்கும் ஆற்றின் வேகத்தைக் கொண்டு ஹார்வி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி 1880களில் பஞ்சாலை ஓட்டியது. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில் கோரல் மில்லையும் எழுப்பியது. பருத்தி நம்முடையது, ஆற்று நீர் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. லாபம் மட்டும் கப்பலேறியது.

கோரல் மில்லில் வேலை எப்படி நடந்தது? விடியுமுன் உள்ளே போனவர் இருட்டிய பிறகே வெளியே வந்தார். கூலியோ அற்பம். விடுமுறை என்ற பேச்சே இல்லை. அடியும் உண்டு. களைத்த கை தவறினால் நூல் அறும். நூல் அறுந்தால் பழி தொழிலாளியின் தலையில். கை களைக்கும்வரை வேலை வாங்கிய நிர்வாகத்தைக் கேட்பாரில்லை.

சட்டம் இல்லையா? இருந்தது! 1891ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டத்திலேயே வார ஓய்வு எழுதப்பட்டிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆண் தொழிலாளியின் வேலை நேரத்துக்கோ ஏட்டில்கூட வரம்பு கிடையாது.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை என்பவை கோரிக்கைகள். ஊரே அவர்கள் பக்கம் திரண்டது. கம்பெனியை ஆதரித்தவருக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். ஒன்பதாம் நாள் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை வந்தது. பதினேழு வருஷம் ஏட்டில் தூங்கிய ஓய்வை ஒன்பது நாள் ஒற்றுமை எழுப்பிவிட்டது.

வெள்ளைச் சர்க்கார் பொறுக்குமா? மார்ச் 12இல் வ.உ.சி.யையும் சிவாவையும் சிறைப்படுத்தியது. மறுநாள் கொதித்தெழுந்த திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு நடத்தி நான்கு உயிர்களைக் குடித்தது.

அதன் பிறகுதான் வரம்புகள் ஒவ்வொன்றாக வந்தன. 1911இல் பஞ்சாலைக்கு நாளுக்கு 12 மணி, 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48. ஒவ்வொரு மணி நேரத்தையும் தொழிலாளி வர்க்கம் இழுத்துப் பறித்தது.

பறித்ததைத் திரும்பப் பிடுங்கவும் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. விருப்பம் உள்ளவருக்குத்தான் என்றார்கள். கடனிலும் வாடகையிலும் மூழ்கிய தற்காலிகத் தொழிலாளி, கேட்டில் நிற்கும் சூப்பர்வைசரிடம் எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

வயலில் உழைக்கும் தோழர்களே, இது மில்காரர் கதை என்று ஒதுக்காதீர்கள். நாற்று நடும் பெண்ணின் இடுப்புக்குச் சங்கு ஊதுவார் யாருமில்லை. வரப்பில் நிற்பவர் போகச் சொல்லும்போதுதான் வேலை முடிகிறது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். எத்தனை மணிக்கு வேலைக்குப் போனோம், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று அன்றாடம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மில்லில் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டப்படி உரிமை. அதைக் கேட்கத் தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனவனை நிர்வாகம் சோம்பேறி என்று திருப்பி அனுப்பும். கூடிப் போங்கள். ஏட்டில் உள்ள ஓய்வை வீட்டுக்குக் கொண்டுவர 1908இல் இருந்த அதே வழிதான் இன்றும் இருக்கிறது.