அம்மியும் நகரும்!

ராக்கெட் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? தீப்பிழம்பு, புகை மண்டலம், காதைப் பிளக்கும் முழக்கம்! ஆனால், இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாத எஞ்சின் ஒன்று உண்டு. அதுதான் அயனி எஞ்சின்.

அது வேலை செய்யும் விதம் விந்தையானது. செனான் வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்துவிட்டால் அவை மின்னேற்றம் பெறுகின்றன. அவையே அயனிகள். சூரிய ஒளியிலிருந்து எடுக்கும் மின்சாரம், அவற்றை விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்னே தள்ளுகிறது. விண்கப்பல் முன்னே போகிறது. சாதாரண ராக்கெட்டின் புகைவேகத்தைப் போல் இது பல மடங்கு. ஆகவே, கொஞ்சம் வாயுவே நெடுந்தூரப் பிரயாணத்துக்குப் போதும்.

ஆனால் அதன் பலம்? உள்ளங்கையில் வைத்த ஒரு காகிதத்தின் கனம்தான்! தரையிலிருந்து கிளம்ப அது உதவாது. காற்றில்லாத வெளியிலோ மாதக் கணக்கில் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா?

அந்த எஞ்சின் வளர்ந்த கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் ஹரால்டு காஃப்மன் 1959-ல் அதைச் சோதனைச் சாலையில் இயக்கினார். 1964-ல் விண்வெளியில் 31 நிமிஷம் ஓடியது. கிரகங்களுக்கிடையே செல்லும் கப்பலுக்கு அதுவே முக்கிய எஞ்சின் ஆனது 1998-ல்தான்! அந்த 'டீப் ஸ்பேஸ்-1' கப்பலிலும் முதலில் நாலரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்குப் பின் மீண்டும் இயங்கி, மொத்தம் 16,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தது.

அடுத்து வந்தது 'டான்' கப்பல். செலவு கூடிவிட்டது, கோளாறுகள் தீரவில்லை என்று 2006 மார்ச்சில் 'நாசா' அதை ரத்து செய்தது. விஞ்ஞானிகள் வாதாடினர். அதே மாதத்தில் ரத்து நீங்கியது. 2007-ல் புறப்பட்ட 'டான்', 2011-ல் வெஸ்டாவையும் 2015-ல் சீரீஸையும் அடைந்து வலம் வந்தது. பூமிக்கு அப்பால் இரண்டு உலகங்களைச் சுற்றிய முதல் கப்பல் அதுவே. ரத்து நிலைத்திருந்தால் இந்தப் பெருமை ஏது?

ஒரு புதிய அயனி எஞ்சினைத் தரையிலேயே 48,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது 5 ஆண்டுக்கும் அதிகமாக, ஓட்டிச் சோதித்தார்கள். இத்தகைய வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் "என்ன பலன்?" என்ற கேள்விதான் கிடைக்கும்.

கேட்கட்டும். மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டியதுதான். ஆனால், 40 ஆண்டில் காய்க்கும் மரத்தை நாலாவது ஆண்டில் வெட்டுவது சிக்கனம் ஆகாது. அதுவரை ஊற்றிய நீரும் வீண். விஞ்ஞானத்துக்கு நிதி ஒதுக்குவோர் இதை மறக்கலாகாது.