பால்வெட்டுத் தொழிலுக்குப் படிநிலை எங்கே?



கேகாலை மாவட்டத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் நிர்வாகங்கள் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதையும், அந்தக் கூற்றின் மறுபக்கத்தை அரச நிறுவனங்கள் ஆராயாமல் விட்டிருப்பதையும் ஆட்சேபித்து இக்கடிதம் எழுதப்படுகிறது. கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, தெரணியகல பகுதிகளில் பால் வெட்டப்படாமல் நிற்கும் மரங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அதே தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் பிறந்த இளைஞர்கள் நாள்தோறும் அவிசாவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் பேருந்து ஏறுகிறார்கள் என்பதும் உண்மை. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தங்கி முன்னேறத்தக்க தொழிலாகத் தோட்டவேலை ஆக்கப்படவில்லை.

பால்வெட்டு எளிய உடலுழைப்பு என்ற எண்ணமே இக்குறையின் வேர். இறப்பர் மரத்தின் பால் பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில் உள்ளது. அக்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டை ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் அளவினது. கத்தி அளவுக்கு மிஞ்சி உள்ளே ஆழ்ந்து, புதிய பட்டையை உண்டாக்கும் உயிர்ப்படையான வளர்படையைத் தொட்டுவிட்டால், அவ்விடம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே பக்கத்தில் மீண்டும் வெட்ட வேண்டிய காலத்தில் அந்தப் பட்டை பயன்படாது. வெயில் ஏறுமுன், மரத்தில் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்பொழுதில், ஏறக்குறைய 300 மரங்களுக்கு இத்தனை நுட்பத்தோடு கத்தி வைக்கும் தொழிலாளியின் கையில்தான் ஒரு மரத்தின் முப்பதாண்டு ஆயுளும், அதில் போட்ட முதலும் தங்கியிருக்கின்றன.

இத்தகைய கைத்திறனுக்குக் கிடைக்கும் மதிப்பு என்ன? தொழில்தருநர், தொழிலாளர், அரசு ஆகிய தரப்பினர் கூடி ஒரு தொழிலுக்குரிய ஆகக்குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கும் சட்டபூர்வ அமைப்பான சம்பளச் சபை, 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தியது. அவ்வுயர்வுகள் தேவையானவை, நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்தவை. ஆனால் ஆகக்குறைந்த தொகையாக விதிக்கப்பட்டதே நடைமுறையில் நாட்சம்பளத்தின் மேல்வரம்பாகிவிட்டதால், இருபதாண்டு அனுபவமுள்ள வெட்டாளிக்கும் நேற்றுப் பெயர் பதிந்தவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே. மேலதிக கிலோவுக்கான கொடுப்பனவு அன்றைய பாலின் எடையைத்தான் பார்க்கிறதே தவிர, பட்டையைக் காத்த கையைப் பார்ப்பதில்லை. எடைக்கு மட்டும் காசு கொடுப்பது ஆழமாக வெட்டத் தூண்டுவதாகவும் ஆகலாம்.

பதவி உயர்வின் நிலை இன்னும் மோசமானது. தொழிலாளிக்கு மேலே கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர், உதவி முகாமையாளர் என்று படிகள் இருந்தாலும், கங்காணிக்கு அப்பால் தொழிலாளி ஏறுவது அரிது. இறப்பர்த் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் பெரும்பகுதி வேலையைச் செய்யும் பெண்களுக்கோ அந்த முதற்படியே பெரும்பாலும் எட்டுவதில்லை. பெருந்தோட்ட முகாமைத்துவத்தைக் கற்பிக்கவென 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவகமே அமைக்கப்பட்ட நாட்டில், வெட்டாளியின் பிள்ளை வெளிக்கள உத்தியோகத்தராவதற்குத் தெளிவான வழி வகுக்கப்படாதிருப்பது நியாயமன்று.

வழி இல்லாமலும் இல்லை. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு மட்டச் சான்றிதழ் முறை 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் கீழ்மட்டங்கள் கைவினைஞருக்கும், 5ஆம் 6ஆம் மட்டங்கள் தொழில்நுட்பவியலாளருக்கும், 7ஆம் மட்டம் பட்டத்துக்கும் உரியவை. வகுப்பறைக்குப் போகாமல் வேலைத்தளத்திலேயே திறமை பெற்றவரை மதிப்பீட்டாளர் நேரில் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முன்கற்றல் அங்கீகாரமும் அதில் அடங்கும். தச்சரும் மேசனும் இவ்வழியாகச் சான்றிதழ் பெற்று வெளிநாட்டில் கூடிய சம்பளம் கேட்கும் காலத்தில், கேகாலைத் தோட்டத்து வெட்டாளியிடம் இப்படி ஒரு வழி உண்டென்று சொல்வதற்குக்கூட ஆளில்லை. மொழியும் தடையாகிறது: சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் இம்மாவட்டத்தில் தமிழ்மொழிமூலத் தொழிற்பயிற்சி அரிதாகவே கிடைக்கிறது. 1987இல் 13ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியாக்கப்பட்ட தமிழில் பயிற்சியும் மதிப்பீடும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டிய மரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறையோ அதனினும் இடைவெளி விட்டோ வெட்டும் முறைகளை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் பரிந்துரைத்துள்ளது. அறிவியல் அளவில் அது பயனுள்ளதே. ஆயினும் வெட்டும் தடவைகள் குறையக் குறைய ஒவ்வொரு வெட்டின் தரமும் முன்னைவிட முக்கியமாகிறது. எனவே அதுவும் தேர்ந்த கைகளையே வேண்டுகிறது.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. நிறுவனங்களுடன் சங்கங்கள் செய்துகொண்ட சம்பள உடன்பாடான கூட்டு ஒப்பந்தம் 2021இல் முறியும்வரை, பேச்சுவார்த்தைகள் நாட்சம்பளத் தொகையைச் சுற்றியே நடந்தன. பயிற்சியும் பதவி உயர்வும் மேசைக்கு வந்தது அரிது.

ஆகவே மேற்சொன்ன சான்றிதழ் முறைக்குப் பொறுப்பான மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு தன் மதிப்பீட்டாளர்களைத் தமிழ் தெரிந்தவர்களாகத் தோட்டங்களுக்கே அனுப்பி, காலையில் வேலை பகிரப்படும் பெரட்டுக் களத்துக்கு வரும் தொழிலாளரை வெட்டு மரத்தடியில் வைத்தே மதிப்பிட வேண்டும். இறப்பர் தொழிலுக்கான சம்பளச் சபை திறன்மட்டத்துக்கேற்ற சம்பளப் படிகளை அடுத்த தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். கங்காணி, வெளிக்கள உத்தியோகத்தர் வெற்றிடங்களை முதலில் தோட்டத்துக்குள், பெண்களுக்கும் திறந்து, அறிவிப்பதை நிறுவனங்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். இம்மூன்றும் செய்யப்படும்வரை, ஆள் இல்லை என்ற முறையீட்டின் பேரில் எந்தத் தோட்ட நிறுவனத்துக்கும் புதிய அரச சலுகை வழங்கக் கூடாதென்று பெருந்தோட்ட அமைச்சு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
வாசகர், கரவனெல்ல